பதில்: மேகமூட்டத்தில் 19 வோல்ட் காட்டுகிறது, பம்பு மட்டும் ஓடவில்லை

உங்கள் 20 வாட் சோலார் பேனல் பழுதாகவில்லை, கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நல்ல வெயிலில் 21 வோல்ட், மேகத்தில் 19 வோல்ட் இருந்தும் பம்பு ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதையும் இணைக்காமல் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி அளந்தால் வோல்டேஜ் ஒளியோடு மிக மெதுவாகத்தான் குறையும். 36 செல் (ஒளியை மின்சாரமாக்கும் சிறு கட்டங்கள்) உள்ள பேனலில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஏறக்குறைய 2 வோல்ட்தான் இறங்கும். கரண்ட் அப்படியில்லை. வெளிச்சம் பத்தில் ஒன்றானால் கரண்டும் பத்தில் ஒன்றாகிவிடும். வெயிலில் 1 ஆம்பியருக்கு மேல் கொடுத்த பேனல், மேகத்தில் 0.1 ஆம்பியர்தான் தரும். பம்பை இணைத்த உடனே வோல்டேஜ் படுத்துவிடும்.

சந்தேகமிருந்தால் மீட்டரை 10 ஆம்பியர் டிசி அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் பேனல் வயர்களில் நேரடியாகத் தொட்டுப் பாருங்கள்; மேகத்தில் கரண்ட் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். சின்ன பேனலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யவே கூடாது!

அப்புறம், நிழலைக் கவனியுங்கள். செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரே ஒரு செல்லை மறைக்கும் இலைகூட மொத்தக் கரண்டையும் குறைத்துவிடும்.

மேகத்திலும் பம்பு ஓட வேண்டுமென்றால் நடுவே சார்ஜ் கன்ட்ரோலரும் (பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் கருவி) பேட்டரியும் வையுங்கள். பெரிய பேனல் வாங்குவதைவிட அதுவே சரி.