ஊர்ல ஒட்டப்போற க்யூஆர் கோடு: ஒட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க

தம்பி, பாலக்கோட்டுல இருந்து ஜெர்மனி வந்து ஒரு மாசம்தான் ஆச்சுன்னு எழுதி மூணு விஷயம் கேட்டிருக்கீங்க. வீட்டு விலாசம் பதிவு குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சிடணும். குளிர் கோட்டு நவம்பருக்கு முன்னாடி வாங்கிக்குங்க. இந்த ரெண்டும் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பிள்ளையோட போட்டோவை ஊர்ல அம்மா, ஆயா, மாமா வீடுன்னு எல்லாரும் ஒரே க்யூஆர் கோடுல பார்க்க வழி கேட்டீங்களே, அதுலதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் சறுக்குறாங்க.

தேடினதும் முதல்ல வர்ற இலவச க்யூஆர் தளங்கள் பக்கமே போகாதீங்க. பல தளங்கள் உங்க போட்டோ ஆல்பத்தோட இணைய முகவரியைக் கோடுக்குள்ள வைக்கிறதில்லை. தங்களோட முகவரியை வச்சு, அங்கிருந்து திருப்பி விடுறாங்க. சோதனைக் காலம் முடிஞ்சதும் காசு கேட்பாங்க. கட்டலைன்னா கோடு செத்துப்போகும், சுவத்துல சட்டம் மட்டும் தொங்கும்.

கூகுள் போட்டோஸ்ல ஆல்பம் போட்டு லிங்க் எடுங்க. கம்ப்யூட்டர்ல குரோம்ல அதைத் திறந்து, வெறும் இடத்துல வலது கிளிக் பண்ணினா க்யூஆர் கோடு உருவாக்குற வசதி வரும். அங்கதான் கவனம் வேணும். நீங்க கொடுத்த குட்டி லிங்க் திறந்ததும் ரொம்ப நீளமா மாறியிருக்கும். முகவரி நீண்டா கட்டங்கள் பொடிப்பொடியா நெருங்கிடும், பழைய போன் கேமரா திணறும். பெட்டியில இருக்கிற நீள முகவரியை அழிச்சிட்டு குட்டி லிங்கை ஒட்டுங்க. நடுவுல ஒரு டைனோசர் பொம்மை வந்தா பயப்படாதீங்க, கொஞ்சம் மறைஞ்சாலும் படிக்கிற மாதிரிதான் இந்தக் கோடையே அமைச்சிருக்காங்க.

எவ்வளவு தூரத்துல இருந்து ஸ்கேன் பண்ணுவாங்களோ, அதுல பத்துல ஒரு பங்கு அகலம் வேணும். கையில வச்சுப் பார்க்க 3 செ.மீ. போதும், சுவத்துக்கு 6 செ.மீ. வைங்க. சுத்தியும் நாலு கட்டம் அளவுக்கு வெள்ளை விளிம்பு விடணும். ஜெராக்ஸ் கடைக்காரர் இடத்தை மிச்சம் பிடிக்க முதல்ல வெட்டுறது அதைத்தான். பளபள லேமினேஷனும் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் அடிச்சா கோடு தெரியாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கீரைக்கடை வரைக்கும் க்யூஆர்னா பணம்தான். ஆயா நேரா போன்பேவைத் திறப்பாங்க, அது தப்பான கோடுன்னு சொல்லும், போனைக் கீழே வச்சிடுவாங்க. கோடுக்கு அடியிலயே தமிழ்ல பெரிசா எழுதுங்க: ‘போட்டோ பார்க்க, கேமராவில் காட்டவும். பின் நம்பர் கேட்காது.’ போட்டோ பேரைச் சொல்லி யாராவது வேற கோடு அனுப்பி, பின் நம்பர் போடச் சொன்னாலோ வாட்ஸ்அப்பில் ‘இணைத்த சாதனங்கள்’ போய் ஸ்கேன் பண்ணச் சொன்னாலோ, அது திருட்டு. இதை வீட்ல போன்லயே நாலு தடவை சொல்லி வைங்க.

உங்க ஆல்பம் லிங்க் இருந்தா யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஹால்ல ஒட்டினா, மொய் வைக்க வந்தவரும் படம் பிடிச்சிட்டுப் போவார். குளிக்கிற படம், பாஸ்போர்ட், வீட்டு நம்பர் எதுவும் அதுல போகக்கூடாது. ஆல்பம் அமைப்புல இடத்தைப் பகிர்றதை அணைச்சிடுங்க. மழலையர் பள்ளியில மத்த பிள்ளைங்க முகம் தெரியற படமும் வேண்டாம். ஒருத்தர் படத்தை அவர் சம்மதம் இல்லாம பரப்பக்கூடாதுன்னு இங்க 1907லேயே சட்டம் போட்டாச்சு. வந்து பத்து வருசம் ஆனவங்களே அதையெல்லாம் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டுத் திரியறாங்க.

இன்னொரு வகை ஆளு இருக்காங்க: ஒரு பிறந்தநாளுக்கு 900 படம். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் சிக்னலுக்கு அது சுத்திக்கிட்டே நிக்கும். மாசம் முப்பது படம் போதும். கூகுள் தர்ற இலவச 15 ஜிபி இடம் மெயிலுக்கும் சேர்த்துத்தான். நிறைஞ்சா மெயில் வர்றது நின்னுடும், விசா அலுவலகக் கடிதமும் சேர்த்து.

முன்னெல்லாம் வெளிநாட்டுக் கவர்ல ரெண்டே போட்டோ வரும். பின்பக்கம் பால்பாயிண்ட்ல யார், எந்த ஊர், என்ன தேதின்னு இருக்கும். ஊரே கை மாத்திப் பார்க்கும், ஓரம் மடங்கிப் போகும். இப்ப படம் மட்டும் போகுது, பக்கத்துல நிக்கிறது யாருன்னு ஆயாவுக்குத் தெரியறதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் தமிழ்ல ஒரு வரி விவரம் போடுங்க.

புதுப் படங்களை அதே ஆல்பத்துல சேர்த்துக்கிட்டே போங்க, கோடு மாறாது. லிங்க் பகிர்வை அணைச்சா மட்டும் ஒட்டினதெல்லாம் வீண். அச்சடிக்கிறதுக்கு முன்னாடி உங்க கணக்கு இல்லாத வேற ஒருத்தர் போன்ல ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க. உங்க போன்ல எப்பவும் திறக்கத்தான் செய்யும்.