அமெரிக்காவில் உளவியல் படிக்கும் மாணவர் ஏ.பி.ஏ.வில் சேர்வதால் என்ன பயன்?

கேள்வி: அமெரிக்காவில் உளவியல் முனைவர் படிப்பு முதல் ஆண்டு. அமெரிக்க உளவியல் சங்கத்தில் (ஏ.பி.ஏ.) மாணவராகச் சேரலாமா, அல்லது சந்தா தண்டச் செலவா?

சந்தா கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் தண்டச் செலவுதான். ஏ.பி.ஏ. மிகப் பெரியது, அங்கே ஒரு மாணவரை யாரும் தேடி வரமாட்டார்கள். மாணவருக்குச் செய்ய ஏதாவது பொறுப்பு கிடைக்கும் இடம் அதன் டிவிஷன்கள், அதாவது துறைவாரிப் பிரிவுகள். மொத்தம் 54 (எண் என்னவோ 56 வரை போகும், 4, 11 காலி). கிளினிக்கல் டிவிஷனின் எண் 12, கவுன்சலிங் 17, ஹெல்த் சைக்காலஜி 38. பல டிவிஷன்களில் மாணவர் கட்டணம் மிகக் குறைவு, சிலவற்றில் ஏ.பி.ஏ. உறுப்பினராக இல்லாமலேயே சேரலாம். ஒன்றில் மட்டும் சேருங்கள். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் எதில் இயங்குகிறாரோ அதுவாக இருந்தால் நல்லது, கமிட்டியில் யார் யார் என்று அவருக்குத் தெரியும்.

சேர்ந்ததும் மாணவர் பிரதிநிதிக்கோ உறுப்பினர் கமிட்டித் தலைவருக்கோ ஒரு மின்னஞ்சல். எந்த ஆண்டு படிக்கிறீர்கள், ஆய்வுத் துறை எது, மாதம் எத்தனை மணி நேரம் தர முடியும், எந்த வேலை வேண்டும் என்று நாலு வரி போதும். "எதுவானாலும் செய்கிறேன்" என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. சம்பளமில்லாமல் நடத்துகிறவர்களுக்கு உங்களுக்காக ஒரு வேலையை யோசித்து உருவாக்க நேரம் கிடையாது. செய்திமடல் வேலையைக் கேளுங்கள்; அதற்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. பல டிவிஷன்களில் பொறுப்புகள் ஜனவரியில் கைமாறும், ஆகவே அக்டோபர், நவம்பரில் எழுதுவது நல்ல நேரம்.

ஏ.பி.ஏ.வின் ஆண்டு மாநாடு ஆகஸ்டில். ஆனால் போஸ்டருக்கான (ஆய்வை ஒரே பெரிய தாளில் காட்டும் அளிக்கை) விண்ணப்பம் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். கோடையில் தரவு சேகரிக்கலாம் என்றிருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். "முடிவுகள் மாநாட்டில் தெரிவிக்கப்படும்" என்று முடியும் ஆய்வுச் சுருக்கம் மதிப்பீட்டில் அடிபடும். முதற்கட்ட எண்களாவது வேண்டும். இன்னொரு தவறு, எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் இடத்தில் சுருக்கத்துக்குள் பல்கலைக்கழகப் பெயரையோ ஆய்வகப் பெயரையோ விட்டுவைப்பது. ஆய்வில் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பதை அனுப்பும் முன்பே பேராசிரியரோடு பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் மனக்கசப்புதான். அச்சுப் போஸ்டர் என்றால் 36 x 48 அங்குலம் வழக்கமான அளவு, எழுத்து 24 பாயின்டுக்குக் குறையக் கூடாது. துணியில் அச்சிட்டால் பெட்டியில் மடித்து வைத்துக்கொள்ளலாம்.

மாநாட்டுக்கான பயண உதவித்தொகை பெரும்பாலும் செலவு செய்து ரசீது காட்டிய பிறகே கைக்கு வரும். விமானம், விடுதி, பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டும். எஃப்-1 (வெளிநாட்டு மாணவர்) விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனம்: பரிசுத் தொகையில் வரி பிடிக்கலாம், மதிப்பூதியம் தரும் பொறுப்பு என்றால் அது வேலை அனுமதிக்குள் வருமா என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் ஆவதால் உளவியலாளராகத் தொழில் செய்யும் உரிமம் கிடைக்காது, அது மாநில வாரியத்தின் வேலை. ஆனால் ஏ.பி.ஏ. நெறிமுறைக் கோவை மாணவ உறுப்பினரையும் கட்டுப்படுத்தும். முழு உறுப்பினராக முனைவர் பட்டம் தேவை என்பதால் சுயவிவரத்தில் "ஏ.பி.ஏ. உறுப்பினர்" என்று மொட்டையாகப் போடாதீர்கள், எந்த வகையில் சேர்ந்தீர்களோ அந்தப் பெயரையே எழுதுங்கள். இன்டர்ன்ஷிப் (பயிற்சிப் பணி) தேர்வுக் குழு அந்த உறுப்பினர் வரியைக் கவனிக்காமல் கடந்து போய்விடும். ஆனால் "டிவிஷன் 38 செய்திமடல், மாணவர் பக்க ஆசிரியர்" என்ற வரி இருந்தால் அதைப் பற்றி நேர்காணலில் கேட்பார்கள்.