ஓலுமோ பாறைக்குப் பின்னால் இருக்கும் ஊர்கள்

அன்புள்ள ஐயா,

நான் நைஜீரியாவில், லாகோஸில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரு ஞாயிறு ரயிலேறி அபேயோகுட்டா போய் ஓலுமோ பாறையைப் பார்த்துவரலாம் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கூப்பிடுகிறார்கள். தேடிப் பார்த்ததில் ஒரு பாறை, படிகள், லிஃப்ட், இவ்வளவுதான் தெரிகிறது. பழங்குடி மக்கள் அந்தப் பாறைக்கடியில் ஒளிந்திருந்தார்கள், பிறகு மிஷனரிகள் வந்து ஊரை உருவாக்கினார்கள் என்று படித்தேன். ஒரு நாளைச் செலவழிக்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? எழுத்தாளர் வோலே சோயிங்கா, பாடகர் ஃபெலா குட்டி பிறந்த ஊராமே, வீடுகளைப் பார்க்க முடியுமா? பாதுகாப்பான ஊர்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் போங்கள். லிஃப்ட் ஓடினால் அதில் ஏறுங்கள், ஓடாவிட்டால் படி இருக்கிறது. பாதுகாப்பைப் பற்றி உங்கள் பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் இன்றைய நிலவரம் தெரியும். பெரிய மனிதர்கள் பிறந்த வீட்டுத் திண்ணையில் நின்று படமெடுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை, அதனால் அதையும் விட்டுவிடுகிறேன்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரிக்காக. பழங்குடிகள் ஒளிந்திருந்தார்களாம், மிஷனரிகள் ஊரை உருவாக்கினார்களாம். எங்கே படித்தீர்கள் இதை? படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையா? கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், தேதிகளைக் கூட்டிக் கழித்திருக்கலாம். மிஷனரி ஹென்றி டவுன்செண்ட் அங்கே முதன்முதலாகப் போனது 1843 ஜனவரியில். யொருபா இனத்தில் ஒரு பிரிவான எக்பா மக்கள், அந்த ஊரை நிறுவியவர்கள், வந்து இறங்கியது 1830இல். பாதிரியாரை வரவேற்றவரே அவர்களை அங்கே கூட்டிவந்த தலைவர் சோடேகேதான். 1859இல் யொருபா மொழியின் முதல் பத்திரிகையான 'இவே இரோஹின்' டவுன்செண்டின் அச்சகத்தில்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். 1867இல் அதே ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரையும் ஊரைவிட்டு அனுப்பியதில் பத்திரிகையும் நின்றுபோனது. விருந்தாளியை வீட்டைக் கட்டியவர் ஆக்காதீர்கள்.

'பழங்குடி' என்பதும் அப்படித்தான். யொருபாக்கள் தலைமுறை தலைமுறையாக மதில் கட்டி, சந்தை வைத்து, அரண்மனையை நடுவில் வைத்து ஊராக வாழ்ந்தவர்கள். ஆப்பிரிக்கா என்றாலே காட்டையும் குடிசையையும் நினைப்பதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டிருக்க வேண்டும். சரி, கோபம் போதும்.

நடந்தது என்ன? எக்பாக்கள் அதற்கு முன் காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவி இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிசாபி என்பவர் தலைமையில் ஓயோ பேரரசின் பிடியை உதறியவர்கள். வயலில் ஒருவருக்கொருவர் முறைவைத்து உழைத்துக்கொடுக்கும் கூட்டம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதையே லிசாபி ரகசியப் படையாக மாற்றினார் என்பது அவர்கள் சொல்லும் கதை. அப்புறம் 1820களில் எல்லாம் சரிந்தது. யொருபா அரசுகளான இஃபேயும் இஜேபுவும் சேர்ந்து, இன்னொரு யொருபா நகரமான ஓவுவை முற்றுகையிட்டு அழித்தன. வடக்கே ஓயோவிலிருந்து சிதறி வந்தவர்களும் அந்தப் படையில் சேர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்த படை வீட்டுக்குப் போகவில்லை, எக்பா ஊர்களை ஒவ்வொன்றாகத் தின்றது. மக்கள் விட்டு ஓடிய ஒரு எக்பா ஊரில் 1829 வாக்கில் அந்தப் படை கூடாரமடித்தது. அதுதான் இன்றைய இபாதான். மிஞ்சிய எக்பாக்கள் கொஞ்ச காலம் அதே முகாமில், தங்களை அழித்தவர்களோடேயே இருந்து, சண்டை முற்றி, சோடேகேயின் பின்னால் மேற்கே நடந்தார்கள். ஓகுன் ஆற்றின் கிழக்குக் கரையில் கருங்கல் பாறைகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் நின்றார்கள். பாறை மறைவிடம், காவல் மேடு. ஆறு தெற்கே லாகோஸ் காயலுக்கு இறங்கும் வழி.

நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இனிமேல் வருவது. வீட்டில் கேட்டுச் சலித்துவிட்டார்கள், நீங்கள் கேளுங்கள். அகதிகளாக வந்தவர்கள் கலந்து ஒரே கும்பலாகக் குடியேறவில்லை. ஒவ்வொரு அழிந்த ஊரும் புது ஊருக்குள் தனக்கென ஒரு பகுதியைப் பிடித்து, அதற்குப் பழைய பெயரையே வைத்தது. இட்டோகோ, கெம்டா, இகிஜா, இக்பெயின், இபோரோ, இஜெமோ. வெறும் பெயர்ப்பலகை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஒக்போனி மூப்பர் சபை, தனிப் படைத்தலைவர்கள். தீர்ப்பு அங்கே, தண்டம் அங்கே. இவற்றுக்கு மேலே அகே, ஓகே ஓனா, க்பாகுரா என்று மூன்று பழைய மாகாணங்கள். 1834 வாக்கில், யாருடைய வீழ்ச்சியில் இந்த நாசமெல்லாம் தொடங்கியதோ அந்த ஓவு மக்களும் வந்து நாலாவது பிரிவானார்கள். இன்றைக்கும் அந்த ஒரே நகரத்தில் எக்பாக்களுக்கு நான்கு அரசர்கள். அகே பிரிவின் அரசரான அலாகே பெரியவர், ஆனால் மற்ற மூவரும் இருக்கிறார்கள். முதல் அலாகே ஒகுகேனு பட்டமேறியது 1854இல். அதுவரை இருபத்துச்சொச்சம் வருடம் ராஜா இல்லாமலேயே ஊர் ஓடியது.

நகரத்துக்கு வந்தால் ஊரை மறந்தாக வேண்டும் என்று நம்மிடம் சொல்லாதவர் யார்? மறக்காதவனைப் பட்டிக்காடு என்கிறார்கள். அபேயோகுட்டாக்காரர்கள் ஊரையே பெயர்த்துக் கொண்டுவந்து நட்டுவிட்டு, அதன் மேல் நகரத்தைக் கட்டினார்கள். அந்த நகரம் நின்றதா? சுற்றிச் சுமார் பதினெட்டு மைலுக்கு மண் மதில் எழுப்பினார்கள். 1851இல் மேற்கே இருந்த டஹோமி நாட்டு மன்னன் கெசோ பெண் வீராங்கனைகளோடு வந்து மோதித் தோற்றுத் திரும்பினான், 1864இல் அவன் மகன் க்லேலேயும் அப்படியே. பாறை காப்பாற்றியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பாறையா மதிலில் நின்று சண்டை போட்டது?

பல வருடம் முன்பு இட்டோகு சந்தையில் அடிரே துணி வாங்கினேன். மரவள்ளி மாவுக் கஞ்சியைக் கோழி இறகால் தொட்டுத் துணியில் கோடிழுத்து, காயவைத்து, அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். கஞ்சி பட்ட இடத்தில் சாயம் சரியாக ஏறாது. விற்ற அம்மாளுக்கு நகக்கண்ணெல்லாம் நீலம். எந்த ஊர் என்று கேட்டேன். "கெம்டா" என்றார். வீடு பக்கத்துத் தெருவில். அபேயோகுட்டா என்று சொல்லவே இல்லை. விலையைக் கொஞ்சமும் குறைக்கவும் இல்லை.

நான் சில வாரமாகப் படித்துக்கொண்டிருப்பது சாமுவேல் அஜாயி கிரவுதரின் நாட்குறிப்பு. 1821இல் ஓசோகுன் என்ற யொருபா ஊரில் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்ட பையன். பிரிட்டிஷ் கப்பற்படை நடுக்கடலில் மீட்டு சியரா லியோனில் இறக்கிவிட்டது. பாதிரியாராக அபேயோகுட்டா வந்த அவர் 1846 ஆகஸ்டில், இருபத்தைந்து வருடம் கழித்து, அம்மாவைப் பார்க்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றதையும், ஒட்டிய கன்னத்தில் கண்ணீர் உருண்டதையும் எழுதிவைத்திருக்கிறார். அம்மா கை நடுங்க, வீட்டில் கூப்பிடும் பழைய பெயர்களைச் சொல்லி அழைத்தாராம். அதைப் படித்த கண்ணோடு உங்கள் 'ஒளிந்திருந்தார்கள்' என்ற சொல்லைப் பார்த்ததால்தான் குரல் உயர்ந்துவிட்டது. உங்கள் மேல் கோபமில்லை.

அதற்காக அவர்களைப் புண்ணியவான்கள் ஆக்கிவிட வேண்டாம். அதே நகரத்தில் அடிமைகள் இருந்தார்கள். கடலுக்கு வழி வேண்டும் என்று தெற்கே ஓட்டாவையும் ஆடோவையும் நெருக்கினார்கள். 1864 போருக்கு ஆயுதம் தந்து 'இயலோடே' (பெண்களின் தலைவி) பட்டம் பெற்ற மேடம் டினுபு அடிமை வணிகத்தில் பணம் பண்ணியவர். 1860இல் இபாதான் இஜாயே நகரத்தின் மேல் படையெடுத்தபோது எக்பாக்கள் இஜாயே பக்கம் நின்றார்கள், பழைய கணக்கு இருந்ததே. 1862இல் இஜாயே விழுந்தது. தப்பியவர்களில் ஒரு கூட்டம் அபேயோகுட்டா வந்து சேர்ந்தது. அங்கே இஜாயே என்றே ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நேரே கொண்டுபோய் இறக்குவார்.