கேள்வி: கடலடிப் பாறைகளில் பார்த்த அஞ்சாலை (பாம்பு போல நீண்ட விலாங்கு வகை மீன், மோரே ஈல்) எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே பதிவு செய்வது?

முதலில் தலையைப் படமெடுங்கள். முழு உடம்பும் வெளியே வரட்டும் என்று காத்திருந்தால் சிலிண்டரில் இருக்கும் காற்றுதான் தீரும்; பகலில் அஞ்சாலை பொந்தை விட்டு அதிகம் நகராது. அது வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சுவிடத்தான், மிரட்ட இல்லை. அதற்காகக் கையை நீட்டிப் பார்க்காதீர்கள்!

கண்ணும் செவுள் துளையும் ஒரே படத்தில் பக்கவாட்டில் விழ வேண்டும். அஞ்சாலைக்குச் செவுள் மூடி வெளியே தெரியாது, ஒரு சின்ன ஓட்டைதான். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பழுப்பு நிற அஞ்சாலையில் அந்த ஓட்டையைச் சுற்றிக் கறுப்புத் திட்டு இருந்தால் எனக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். தலைக்குப் பின்னால் சிறுத்தைப் புள்ளி இருந்தால் ஜிம்னோதோராக்ஸ் ஜாவானிகஸ். மூன்று மீட்டர் வரை வளரும் ராட்சத அஞ்சாலை. பொடிப்பொடியான புள்ளிகளும், துடுப்பு ஓரத்தில் மஞ்சள்பச்சைக் கோடும் இருந்தால் ஜிம்னோதோராக்ஸ் ஃப்ளாவிமார்ஜினேட்டஸ்.

நம் பக்கத்துப் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) அதிகம் குழப்புவது தேன்கூடு போலக் கறுப்புத் திட்டுகள் கொண்ட ஜிம்னோதோராக்ஸ் ஃபவாஜினியஸ். குட்டியில் திட்டுகள் பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். வளர வளரச் சிறுத்துப் பெருகும். கலங்கிய தண்ணீரில் வாழ்பவற்றுக்குப் புள்ளிகள் கூடுதல் என்றும் சொல்வார்கள். அதனால் இரண்டு படங்களில் புள்ளி ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே இரண்டு இனம் ஆக்கிவிட வேண்டாம்.

நிறத்தையும் அப்படியே நம்பாதீர்கள். பத்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரும்பாலும் போய்விடும். டார்ச் அடித்து ஒரு படம் எடுங்கள். நீளமும் அப்படித்தான். முகமூடிக் கண்ணாடி வழியாக எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் என்று சொல்பவர் பார்த்தது ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும்.

பதிவுக்கு ஐநேச்சுரலிஸ்ட் (யார் வேண்டுமானாலும் உயிரினப் படங்களைப் பதிவேற்றும் இணையதளம்) போதும். தேதி, இடம், ஆழம், பாறையா பவளமா, பக்கத்தில் சுத்தம் செய்யும் இறால் இருந்ததா என்று மேலே வந்ததுமே எழுதிவிடுங்கள். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும். சந்தேகமாக இருந்தால் ஜிம்னோதோராக்ஸ் என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் தெளிவாக இருந்தால் தெரிந்தவர் யாராவது பிறகு இனத்தைச் சொல்லிவிடுவார்.