முதல் குவில்ட்டுக்கு எந்தத் தையல்?

வணக்கம் அக்கா,

என் முதல் குவில்ட்டின், அதாவது மூன்றடுக்குத் தையல் போர்வையின், மேல்துணியை ஒருவழியாக இணைத்து முடித்துவிட்டேன். ஆறு அங்குலச் சதுரங்கள், எல்லாமே பூப்போட்ட துணி. மொத்தம் 48-க்கு 60 அங்குலம். நடுவே வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்கும் அடித்துணியும் தயார். மூன்றையும் சேர்த்துத் தைக்க மேலே என்ன டிசைன் ஓட்டுவது என்பதில்தான் கை நிற்கிறது. எனக்கு இறகு டிசைன் மேல் ஆசை. தெரிந்தவர்களோ, "இணைப்புக் கோட்டுக்குள்ளேயே தைத்துவிடு, அதுதான் சுலபம்" என்கிறார்கள். நூல் நிறமும் பிடிபடவில்லை. வீட்டில் இருப்பது சாதாரணத் தையல் மெஷின். அடுக்குகளை ஒரே சீராக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மட்டும் வாங்கியிருக்கிறேன்.

– ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

டிசைன் இருக்கட்டும். முதலில் பேட்டிங் வந்த உறையைத் தேடி எடுங்கள். தையல் கோடுகளுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று பெரும்பாலும் அதில் போட்டிருக்கும். சிலவற்றில் 4, சிலவற்றில் 8 அல்லது 10. அதற்கு மேல் இடைவெளி விட்டால், துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து அங்கங்கே திரண்டுகொள்ளும். உங்கள் சதுரங்களில் மூலைக்கு மூலை சாய்கோடு போட்டால், பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய நாலே கால் அங்குலம் வரும். உறையில் 8 என்று இருந்தால் தாராளம், 4 என்று இருந்தால் போதாது. மனதில் இருக்கும் டிசைன்களில் பாதி இந்தக் கணக்கிலேயே கழிந்துவிடும்.

இணைப்புக் கோட்டுக்குள் தைப்பது சுலபம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அயர்ன் செய்தபோது உள்மடிப்பை ஒரு பக்கமாகத் திருப்பியிருப்பீர்கள் அல்லவா? அந்தப் பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ஊசி மேட்டை ஒட்டி, பள்ளத்தில் இறங்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளில் மடிப்பை எதிரெதிராகத் திருப்பியிருந்தால், ஒவ்வொரு மூலையிலும் மேடும் பள்ளமும் இடம் மாறும், ஊசியும் கூடவே தாவ வேண்டும். ஓர் இழை தப்பினாலும் மேட்டின் மேல் ஏறி நிற்கும் தையல் பளிச்சென்று தெரியும். முதல் குவில்ட்டில் இந்தப் பாடு எதற்கு?

நேர்கோடுதான் வேண்டும் என்றால் இணைப்புக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். இணைப்பே வழிகாட்டும், எதையும் வரைய வேண்டாம். ஆனால் சதுரத்தின் நடுவே ஐந்தரை அங்குலம் வெறுமையாக நிற்கும். மறுபடியும் உறையைப் பார்க்க வேண்டியதுதான்.

என் ஓட்டு அலைக்கோட்டுக்கு. மூன்று அடுக்கையும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்திக்கொள்ளுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நடுவில் உள்ள இணைப்பை ஒட்டி முதல் கோட்டை ஓட்டுங்கள். மெஷின் ஓட ஓடத் துணியை மெல்ல இடமும் வலமும் நகர்த்தினால் அலை தானாக வரும். ஒரே அளவில் வர வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு என்று ஓரத்தை நோக்கிப் போங்கள். எல்லாக் கோடுகளையும் ஒரே முனையிலிருந்து தொடங்குவது நல்லது. ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைத்தால் துணி இரண்டு பக்கமும் இழுபட்டு, நடுவே சாய்வாகச் சுருக்கம் விழலாம். இடைவெளியை மட்டும் கடைசிவரை மாற்றாதீர்கள். நடுவில் நெருக்கி, ஓரத்தில் அகல விட்டால் ஓரம் நெளியும். மொத்தமாகவே நெருக்கினாலோ குவில்ட் அட்டைபோல விறைத்துக்கொள்ளும், போர்த்தினால் உடம்போடு ஒட்டாது.

இறகு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் மெஷினின் பல்லை இறக்கிவிட்டு, துணியை நீங்களே நகர்த்த வேண்டும். அப்போது தையலின் நீளத்தைத் தீர்மானிப்பது உங்கள் கையின் வேகமும் மெஷினின் வேகமும் சேர்ந்துதான். இரண்டும் ஒத்துவர நாள் பிடிக்கும். பேனாவை எடுக்காமல் காகிதத்தில் அதே டிசைனைப் பக்கம் பக்கமாக வரைந்து பாருங்கள். அடுத்து எந்தப் பக்கம் வளைவது என்பது கைக்குப் பழகட்டும், பிறகு மீந்த துணியில் ஓட்டிப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், பூப்போட்ட துணி இறகை விழுங்கிவிடும். அத்தனை உழைப்பும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ஒற்றை நிறத் துணியில் ஒரு குவில்ட் தைக்கும்போது ஆசைதீர இறகு போடுங்கள்.

நூலுக்கு வருகிறேன். கண்டில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு முழம் உருவி மேல்துணியின் மேல் குறுக்காகப் போட்டு, நாலடி தள்ளி நின்று பாருங்கள். எது கண்ணுக்குத் தட்டுப்படாமல் துணியோடு கலந்துவிடுகிறதோ அதை எடுங்கள். பல நிறப் பூக்கள் என்றால் பெரும்பாலும் வெளிர் சாம்பலோ மணல் நிறமோதான் அப்படிக் கலக்கும். சிவப்பில் பளிச்சென்று போட ஆசை இருந்தால் தடுக்கவில்லை, ஆனால் கோணல் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும்.