மறுப்பை ஏற்கப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

வளரிளம் பிள்ளைகளின் நட்பு, காதல், எல்லைகள் பற்றி வந்த கடிதங்களுக்கு ஒரு மனநல ஆலோசகரும் ஒரு வழக்கறிஞரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் ஒரு பெண்ணிடம் விருப்பத்தைச் சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். ஆனாலும் அவள் டியூஷன் விடும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறான், வேறு வேறு எண்ணிலிருந்து மெசேஜ் அனுப்புகிறான். திட்டியும் பயனில்லை. – ஒரு தாய், திருச்சி

திட்டும்போது 'ஒரு பெண்ணைப் பிடித்ததே தப்பு' என்றுதான் அவன் காதில் விழும். அதனால் மறைப்பானே தவிர நிறுத்தமாட்டான். இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்: "உனக்கு அவளைப் பிடிச்சது தப்பில்லை. போய்ச் சொன்னதும் தப்பில்லை. அவ வேண்டாம்னு சொன்னதோட அது முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீ போய் நிக்கிறது அவளுக்குப் பயம்."

பிறகு, அவனைப் பார்த்ததும் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். தோழி வரும்வரை உள்ளேயே காத்திருப்பாள். சுற்றுவழியில் போவாள். வீட்டில் சொன்னால்? பல வீடுகளில் முதலில் நிற்பது அவளுடைய டியூஷன், பிடுங்கப்படுவது அவளுடைய போன். இது பெரும்பாலான பையன்களுக்குத் தோன்றுவதே இல்லை. விடாமல் சுற்றினால் மனசு மாறிவிடும் என்றுதானே அவர்கள் திரையில் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள்!

எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். டியூஷன் வாசல், புது எண், நண்பன் மூலம் தூது, அவளைக் குறிவைத்துப் போடும் ஸ்டேட்டஸ் எல்லாமே நிற்க வேண்டும். மன்னிப்புக் கேட்கவும் அவளைத் தேடிப் போகக் கூடாது. அதுவும் மறுபடி அவள் எதிரில் போய் நிற்பதுதான். இருவரும் ஒரே இடத்தில் படித்தால், நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவன் அவனே.

சட்டத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். அதை மட்டும் சொன்னால் 'மாட்டிக்கொள்ளாமல் செய்' என்பதே பாடமாகிவிடும். 18 வயதுக்குட்பட்டவரைப் பாலியல் நோக்கத்துடன் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்வதும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவும், பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்வதைத் தண்டிக்கிறது. உங்கள் மகனுக்கு 18 ஆகவில்லை என்றால் சிறார் வழக்குகளுக்கான இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும்.

அவனுடைய வலியும் உண்மையானது. சாப்பாடு, தூக்கம் கெட்டாலோ, செத்துவிடுவேன் என்று ஒருமுறை சொன்னாலோ, அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

என் 4 வயது மகள் மாமியாருக்கு முத்தம் தர மறுத்தால் அவருக்கு வருத்தம். குழந்தையைக் கட்டாயப்படுத்தலாமா? – ஒரு வாசகி, மதுரை

வேண்டாம். வணக்கமா, ஹை-ஃபையா, கையசைப்பா என்று அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். "இப்ப வேண்டாமாம் அத்தை, அப்புறம் அவளே வருவா" என்று நீங்கள் சொல்லிவிட்டால் பெரியவர் முகமும் வாடாது. கிச்சுகிச்சு மூட்டும்போது 'போதும்' என்றால் அந்த நொடியே கையை எடுங்கள். அவள் சொல்லுக்கு மதிப்பிருப்பதை அப்படித்தான் அறிந்துகொள்வாள். மருந்து, குளியல் போன்றவற்றில் மறுக்க வழியில்லை. ஆனால் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடலாம். உடல் உறுப்புகளின் பெயர்களை மழுப்பாமல் கற்றுக்கொடுங்கள். தெரிந்தவரின் தவறான தொடுதல் வலிக்காமல், பாசம் போலவே இருக்கக்கூடும். அதனால் 'அம்மாகிட்ட சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதை அம்மாகிட்ட சொல்லணும்' என்ற விதி அவளுக்கு அதிகம் உதவும்.

எனக்கு 17 வயது. நான் காதலிப்பவன் என் இன்ஸ்டா பாஸ்வேர்டு கேட்கிறான். இப்போது அந்தரங்கப் படமும் கேட்கிறான். 'என்மேல் நம்பிக்கை இல்லையா' என்கிறான். – பெயர் வேண்டாம்

சின்ன விஷயம் ஒன்றுக்கு மறுப்புச் சொல்லிப் பாருங்கள். 'இன்று பேச முடியாது, படிக்க வேண்டும்' போதும். முகம் வாடிவிட்டு விட்டுவிடுகிறானா? அல்லது கோபம், பழி, பிரிந்துவிடுவேன் என்ற மிரட்டல் வருகிறதா? பத்து முறை கேட்டுச் சலித்து நீங்கள் சொல்லும் 'சரி' சம்மதம் ஆகாது.

படம் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரின் அத்தகைய படத்தை, அவரே இசைந்து தந்திருந்தாலும், பிறர் வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், தவறு உங்களுடையது என்று ஒடுங்க வேண்டாம். மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மேலும் கேட்பார்கள். கணக்கை அழிக்கும் முன் மிரட்டல் செய்தி, எண், ப்ரொஃபைல் இணைப்பு, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தை மட்டும் உதவிக்காகக்கூட யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது சைபர் குற்ற எண் 1930-ஐ அழையுங்கள். 18-க்குக் கீழே எடுக்கப்பட்ட படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை (படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு) மட்டும் பதிவாகும். அதை வைத்து, சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தை நீக்கும். உங்கள் வாக்குமூலத்தைச் சீருடை இல்லாத காவலரே பதிவு செய்ய வேண்டும். அதற்காக நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே பதிவு செய்யலாம்.

17 வயது மாணவர் இருவர் விரும்பிப் பழகினாலும் வழக்கா? வகுப்பில் என்ன சொல்வது? – ஓர் ஆசிரியர், சேலம்

காதலிப்பது குற்றமில்லை. ஆனால் 2012-ல் போக்சோ வந்தபின் 18-க்குக் கீழே பாலுறவுக்கான சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது. அதற்கு முன் வரம்பு 16. 18 வயதாகாத பெண் விரும்பிப் பழகிய ஒரு வழக்கை 2021-ல் ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றது. வரம்பு இன்னும் 18-தான். இதை மாணவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாவிட்டால் 6 மாதம் வரை சிறை உண்டு. அதனால், மாணவர் மனம்விட்டுப் பேசத் தொடங்கும் முன்பே 'எல்லாவற்றையும் ரகசியமாக வைக்க என்னால் முடியாது' என்று சொல்லிவிடுவதே நேர்மை.

வகுப்பில் பெயரில்லாத கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள், கேள்வி இல்லாதவரும் 'இல்லை' என்று எழுதிப் போடட்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது. காவல்துறைக்குத் தகவல் போய்விடுமே என்று கருவுற்ற சிறுமி மருத்துவமனைக்குப் போகப் பயப்படுவதே பெரிய ஆபத்து. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரை மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.