சைக்ளோட்ரான் அறைச் சுவர் கதிரியக்கமாக மாறுமா? கட்டும்போதே தடுக்க முடியுமா?

கேட்ட தம்பி கோலாலம்பூரில் கட்டுமானத் துறையில் இருக்கிறார். மருத்துவமனையில் ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்து தயாரிக்கும் துகள் முடுக்கியான சைக்ளோட்ரானுக்கு இரண்டு மீட்டர் கான்கிரீட் போதாதா என்பது அவர் சந்தேகம். நான் பினாங்கில் மருத்துவ இயற்பியலாளர்.

தம்பி, தடிமன் வெளியே நிற்பவரைக் காக்கும், சுவரைக் காக்காது. புரோட்டான் கற்றை ஆக்ஸிஜன்-18 நீரில் மோதி ஃப்ளோரின்-18 உண்டாகும்போது நியூட்ரானும் பிறக்கிறது. அது கான்கிரீட்டுக்குள் புகுந்து, ஹைட்ரஜனில் மோதி மோதி வேகம் குறைந்து, ஏதோ ஓர் அணுவில் அடங்கிவிடும். அந்த அணு யூரோப்பியமாகவோ கோபால்ட்டாகவோ இருந்தால் வந்தது தொல்லை. ஜல்லியில் யூரோப்பியம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அதிலிருந்து உருவாகும் யூரோப்பியம்-152இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 13.5 ஆண்டு. கம்பியில் கலந்திருக்கும் கோபால்ட், 5.27 ஆண்டு அரை ஆயுளுள்ள கோபால்ட்-60 ஆகிவிடும். எந்திரத்தைக் கழற்றிய பிறகும் சுவர் அப்படியே நிற்கும், கழிவாக.

ஒரு பழைய சுவரைத் துளைத்து எடுத்த கான்கிரீட் உருளையை வில்லை வில்லையாக அறுத்து அளந்தோம். முகப்பு வில்லையை விட ஐந்தாறு சென்டிமீட்டர் உள்ளே இருந்த வில்லைதான் அதிகக் கதிரியக்கம் காட்டியது. நியூட்ரான் வேகம் குறைய அவ்வளவு தூரம் தேவைப்படுகிறது.

என்னைக் கேட்டால், முதலில் கல்லை முடிவு செய்யுங்கள். எங்கள் கொடிமலை முழுக்கக் கருங்கல், உங்கள் பத்துமலை சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லில் பொதுவாக யூரோப்பியமும் கோபால்ட்டும் குறைவு. ஈப்போ பக்கம் அதற்குக் குவாரிகள் உண்டு. ஆனாலும் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள், குவாரிக்குக் குவாரி மாறும். ஜல்லி, சிமெண்டு, மணல், கம்பி எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து நியூட்ரான் பகுப்பாய்வு செய்யுங்கள்; அதாவது மாதிரியில் நியூட்ரானைப் பாய்ச்சி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளப்பது. சிலாங்கூரின் பாங்கி ஊரில் 1982இல் இயங்கத் தொடங்கிய ட்ரிகா அணு ஆய்வு உலை இந்த வேலைக்கும் பயன்படுவதுதான். சுவர் முழுக்க இப்படித் தேர்ந்தெடுத்த கான்கிரீட் வேண்டாம், நியூட்ரான் அதிகம் விழும் உள்பக்க அரை மீட்டருக்குப் போட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அப்புறம் போரான். போரான் கலந்த பாலிஎத்திலீன் பலகையை உள்முகத்தில் பதித்தால், மெதுவான நியூட்ரானைப் போரான்-10 விழுங்கிவிட்டு நிலையான லித்தியமாகிவிடும். கற்றை மோதும் இலக்கைச் சுற்றியே ஒரு தடுப்பு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. கான்கிரீட் ஊற்றும் நாளில் நாலைந்து உருளை எடுத்து, தேதி எழுதிப் பூட்டி வையுங்கள். கல்லுக்கே இயற்கையாகக் கதிர்வீச்சு உண்டு. அதில் எந்திரம் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த உருளைகள் வேண்டும். அவை இல்லாமல் நாங்கள் பட்ட பாடு போதும்.